கப் அடிச்ச டீம் ரெண்டே வருஷத்துல காணாமப் போச்சு... சென்னை சிட்டி எஃப்.சி-க்கு என்னதான் ஆச்சு?

ஒரகடம் சிப்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ரவுண்டு போயிருக்கீங்களா? இன்னும் கம்பெனி எழும்பாத காலி பிளாட்டுகள்ல, கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு, ரெண்டு பக்கமும் செங்கல்லை கோல் போஸ்ட்டா வெச்சு ஃபுட்பால் ஓடிக்கிட்டிருக்கும். பாதிப் பேர் அப்ரன்டிஸ், மீதிப் பேர் கான்ட்ராக்ட். நைட் ஷிஃப்ட் பஸ் வர்ற வரைக்கும்தான் மேட்ச். பஸ் ஹாரன் அடிச்சா அதுதான் ஃபைனல் விசில்.

அப்படி ஒரு சாயங்காலம்தான், கன்னியாகுமரி கடற்கரைப் பக்கத்துல இருந்து வந்த ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, ஐ.டி.ஐ முடிச்சிட்டு இங்க வந்துட்டேன். ஆனா சென்னையில ஒரு கிளப்புல ட்ரையலுக்குக் கூப்பிடுறாங்க. புரொஃபஷனலா போனா சோறு போடுமாண்ணே?"

பட்டுனு பதில் சொல்ல முடியல. ஏன்னா, இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுல ஏற்கெனவே ஒரு பதில் இருக்கு. அதுக்குப் பேரு சென்னை சிட்டி எஃப்.சி. 2016-ல ஐ-லீக்கில் நுழைஞ்சாங்க. 2019-ல இந்தியாவின் சாம்பியன் ஆனாங்க. 2021-ல லீக் பட்டியல்லயே இல்லை. ஒரு பிராண்ட் நியூ பைக்கோட இ.எம்.ஐ முடியறதுக்குள்ள ஒரு டீம் பிறந்து, ஜெயிச்சு, காணாமப் போயிடுச்சு.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்த கொடுமையும் இல்லை. கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல, கடல் தாண்டி ஒரு ரக்பி லீக் கிளப்புக்கும் இதே கதி. அதையும் பார்ப்போம். முதல்ல கோவைக்குப் போயிட்டு வந்துடலாம்.

மார்ச் 9, 2019

கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனின் கடைசி நாள். சென்னை சிட்டி ஜெயிச்சா கப். தவறினா, அதே நேரத்துல கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோட ஆடிக்கிட்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிடும். எதிர்ல நின்னது முந்தைய வருஷ சாம்பியன் மினர்வா பஞ்சாப்.

மேட்ச் ஆரம்பிச்ச மூணாவது நிமிஷமே மினர்வா கோல். ஸ்டேடியம் அப்படியே அமைதி. அந்தப் பக்கம் ஃபோன்ல ஸ்கோர் பார்த்துக்கிட்டிருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இரண்டாவது பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்ட்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா, ஒரு டிஃபண்டர், ரெண்டு கோல் அடிச்சார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சது. ஆனால் பிரயோஜனம் இல்லை. 43 பாயின்ட்டுக்கு 42. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் கப் தமிழ்நாட்டுக்கு.

இதை ஃப்ளூக்னு சொல்லிட முடியாது. முந்தைய ரெண்டு சீசனும் பத்து டீம்ல எட்டாவது இடம்தான். அப்புறம் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச்சா இருந்து, பந்தைக் கால்ல வெச்சு ஆடுற ஒரு ஸ்டைலைக் கொண்டுவந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை டிவிஷன்கள்ல ஆடிக்கிட்டிருந்த, இங்க யாருக்கும் பேர்கூடத் தெரியாத ஆட்களைத் தேடிப் பிடிச்சாங்க. மான்ஸி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. மான்ஸி மட்டும் அந்த சீசன்ல 21 கோல். பெரிய பேர் வாங்கக் காசு இல்லாத கிளப், சரியான பேரை வாங்கினா என்ன ஆகும்கறதுக்கு இது நல்ல சாம்பிள்.

அதைவிட முக்கியம், நம்ம பசங்க. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ்னு டீம் ஷீட்ல தமிழ்நாட்டுப் பெயர்கள் வரிசையா வந்தன. அதுக்கு முந்தைய சீசன்ல கன்னியாகுமரியைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக்கின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது வாங்கி, ஜாம்ஷெட்பூருக்குப் போனார். முதல் சீசன்ல நந்தகுமார் சேகர் ஆடினார். ஒரு மாநிலத்துப் பசங்களை இப்படி வரிசையா மேல ஏத்திவிட்ட கிளப் சமீப காலத்துல வேற எது?

கப் அடிச்ச கையோட சூப்பர் கப். அங்க பெங்களூரு எஃப்.சி-யை 2-1-னு தோற்கடிச்சாங்க. பெங்களூரு அப்போதான் ஐ.எஸ்.எல் கோப்பையை ஜெயிச்சிட்டு வந்திருந்தது. அதாவது, 'பெரிய லீக்' சாம்பியனை 'சின்ன லீக்' சாம்பியன் நேருக்கு நேர் நின்னு ஜெயிச்சது. அரையிறுதியில் கோவாவிடம் தோற்றாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு.

சரி, இவ்வளவு நல்லா ஆடின டீம் எங்கே போச்சு?

ஜெயிச்சது கப்பை, தோற்றது லீக்கை

கொஞ்சம் பின்னாடி போகணும். தமிழ்நாட்டுல ஃபுட்பால்னா ரொம்ப காலம் டிபார்ட்மென்ட் டீம்கள்தான். ரயில்வே, ஐ.சி.எஃப், கஸ்டம்ஸ், பேங்க். ஆடத் தெரிஞ்சா வேலை கிடைக்கும். காலையில பிராக்டீஸ், மத்தியானம் ஆபீஸ். கால் போனாலும் சம்பளம் போகாது. இந்தியன் பேங்க் டீம் தேசிய லீக்கில் ஆடி, 2003-04 சீசனோட கீழே இறங்கினதுக்கு அப்புறம், தேசிய அளவில் முதல் டிவிஷன்ல நம்ம மாநிலத்து டீமே இல்லாம பத்து வருஷம் ஓடிச்சு. 2014-ல ஐ.எஸ்.எல் வந்தபோதுதான் சென்னையின் எஃப்.சி வந்தது.

சென்னை சிட்டியின் வேர் 1946-ல ஆரம்பிச்ச நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். 2016-ல ஐ-லீக்கில் நேரடி இடம் கிடைச்சது. ஆனா, சென்னையில் ஏற்கெனவே பாலிவுட் நட்சத்திரம் அபிஷேக் பச்சனும் எம்.எஸ்.தோனியும் பங்குதாரர்களா இருக்கும் ஒரு டீம் இருக்கு. அது டி.வி-யில பளபளன்னு வருது. ஒரே ஊர்ல ரெண்டாவது டீமுக்கு யார் டிக்கெட் எடுப்பாங்க? சென்னை சிட்டி தன்னோட ஹோம் மேட்ச்களைக் கோவைக்குக் கொண்டுபோனது. பேர்ல சென்னை, ஊர் கோவை. ரெண்டுக்கும் நடுவுல ஐந்நூறு கிலோமீட்டர். கோவை ரசிகர்கள் நிஜமாவே கூட்டமா வந்தாங்க, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா கோவைக்காரர் தன் டீ-ஷர்ட்ல 'சென்னை'ன்னு போட்டுக்க எவ்ளோ பெரிய மனசு வேணும்னு அங்க இருக்குற ஃப்ரெண்ட்ஸைக் கேட்டுப் பாருங்க!

இப்போ பணக் கணக்குக்கு வருவோம். ஒரு கிளப்புக்கு வருமானம் வர்ற வழி நாலுதான்: டிக்கெட், ஸ்பான்ஸர், டி.வி பணம், வளர்த்த ஆட்டக்காரரை விக்கிறது. ஐ-லீக்கில் டிக்கெட் விலை சினிமா டிக்கெட்டைவிடக் கம்மி. ஐ.பி.எல் டீம்கள் மாதிரி மீடியா உரிமையில் இருந்து கோடிக்கணக்கில் பங்கு வந்து விழுற கதை இங்க கிடையாது. சாம்பியனுக்கான பரிசுத்தொகையே 1 கோடி ரூபாய். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், கோச்சுகள், ஃபிளைட், ஹோட்டல், ஃபிஸியோ, அண்டர்-13 முதல் அண்டர்-18 வரை யூத் டீம்கள்... கணக்குப் போட்டா அந்த ஒரு கோடி எத்தனை மாசத்துக்கு வரும்? மீதி எல்லாமே ஓனர் பாக்கெட். ஜெயிச்சா போனஸ், சம்பள உயர்வுன்னு செலவு கூடும். வருமானம் அதே இடத்துல நிக்கும். நம்ம ஊர்ல புரொடக்‌ஷன் ஏறினா இன்சென்டிவ் வரும். இங்க புரொடக்‌ஷன் ஏறினா பில் மட்டும்தான் வரும்.

ஸ்பான்ஸர் வரணும்னா டி.வி-யில தெரியணும். அந்த 2018-19 சீசன்லதான் ஐ-லீக்கின் எல்லா மேட்சையும் ஒளிபரப்பாம பாதியிலேயே குறைச்சாங்க. கிளப்புகள் கொதிச்சுப்போய் சூப்பர் கப்பையே பல டீம்கள் புறக்கணிச்சது தனிக்கதை. கோவிந்தா கோவிந்தான்னு கூட்டம் வந்தாலும், கேமரா வராத ஸ்டேடியத்தில் யார் போர்டு வைப்பாங்க?

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி. 2019 அக்டோபர்ல, இந்திய கால்பந்துக்கான புது ரோடு மேப்புக்கு ஆசிய கூட்டமைப்பு ஓகே சொன்னது. இனி நாட்டின் நம்பர் ஒன் லீக் ஐ.எஸ்.எல். ஐ-லீக் ரெண்டாவது. ஐ-லீக் ஜெயிச்ச டீம் மேல போறதுக்கான வாசல் 2022-23 சீசனுக்கு அப்புறம்தான் திறக்கும். அதுவரை ஐ.எஸ்.எல்-லுக்குள்ள போகணும்னா வருஷத்துக்குக் கோடிகள்ல ஃப்ரான்சைஸி கட்டணம். சென்னை சிட்டி மார்ச்ல நாட்டின் சாம்பியன். அக்டோபர்ல ரெண்டாவது டிவிஷன் டீம். நடுவுல ஒரு மேட்ச்கூடத் தோத்துக் கீழ இறங்கல! காலேஜ்ல கோல்டு மெடல் வாங்கிட்டு வெளிய வந்தா, அந்த டிகிரியோட மதிப்பையே குறைச்சிட்டாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதான்.

இதுக்கு நடுவுல ஒரு நல்ல செய்தியும் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி பாஸல், சாம்பியன்ஸ் லீக்கில் எல்லாம் ஆடின டீம், சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கினது. அகாடமி வரும், ஐரோப்பா கதவு திறக்கும்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ஆனா களத்துல கதை வேற. நெஸ்டர் ஹைதராபாத் பக்கம் போனார். கான்ட்ராக்ட் பஞ்சாயத்து கால்பந்து சம்மேளனம் வரை போய் அவருக்கு நாலு மாசத் தடை விழுந்தது. வான்ஸ்பால் சென்னையினுக்குப் போனார். 2020 ஜனவரியில், சீசன் பாதியில், மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் பறந்தார். அதே ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் ஒரு கோலில் தோல்வி.

அடுத்தது ஏ.எஃப்.சி கப். 2020 மார்ச் 11, மாலத்தீவின் மஸியாவோட 2-2. அந்த 'ஹோம்' மேட்ச் நடந்தது எங்க தெரியுமா? அகமதாபாத்தில். சென்னைன்னு பேர், கோவையில வீடு, ஆசியப் போட்டிக்கு குஜராத்தில் வாடகை! அதுக்கப்புறம் சில நாள்ல கொரோனா. போட்டியே ரத்து.

கடல் தாண்டி ஒரு ஓநாய்க் கூட்டம்

இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்குற டொரன்டோவுக்குப் போவோம். அங்க 2017-ல ஒரு ரக்பி லீக் டீம் களமிறங்கினது. பேரு டொரன்டோ உல்ஃப்பேக்.

ரக்பி லீக்னா என்னன்னு ஒரு வரி: ஒரு பக்கம் 13 பேர், ஆறு தடவை மடக்கிப் பிடிக்கிறதுக்குள்ள ஸ்கோர் பண்ணலைன்னா பந்து எதிர் டீமுக்கு. இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில், சுரங்க, மில் தொழிலாளர்கள் ஊர்கள்ல வளர்ந்த விளையாட்டு. வேலையை விட்டுட்டு ஆட வர்ற ஆட்டக்காரருக்கு அந்த நாள் கூலியை ஈடுகட்டணுமா வேணாமாங்கிற சண்டையில்தான் 1895-ல ரக்பியே ரெண்டா உடைஞ்சது. கூலி கொடுக்கணும்னு சொன்ன பக்கம்தான் பின்னாடி ரக்பி லீக் ஆச்சு. ஷிஃப்ட் லீவு கேட்டு சூப்பர்வைசர் முன்னாடி நின்ன அனுபவம் இருந்தா, உங்களுக்கு இந்த விளையாட்டு மேல தன்னாலேயே ஒரு பாசம் வரும்.

அந்த இங்கிலாந்து லீக்கில், அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆட வந்த கனடா டீம்தான் உல்ஃப்பேக். மூணாவது டிவிஷன்ல ஆரம்பிச்சு, முதல் வருஷமே ஜெயிச்சு மேல ஏறினாங்க. 2018-ல சூப்பர் லீக்கில் நுழையுற கடைசி மேட்ச்ல லண்டன் ப்ராங்கோஸிடம் 4-2-ல தோல்வி. 2019-ல ஃபெதர்ஸ்டோனை 24-6-ல ஜெயிச்சு உள்ள போயிட்டாங்க. நியூசிலாந்தின் சூப்பர் ஸ்டார் சோனி பில் வில்லியம்ஸை ஒப்பந்தம் செஞ்சாங்க. லாம்போர்ட் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம்.

ஆனா கணக்கு? லீக்கில் இருக்குற மத்த டீம்களுக்குக் கிடைச்ச டி.வி பணத்தின் பங்கு இவங்களுக்குக் கிடையாது. போதாததுக்கு, டொரன்டோவுக்கு ஆட வர்ற எதிர் டீம்களோட பயணச் செலவையும் இவங்களே கட்டணும். கல்யாணத்துக்கு மொய் கிடையாது, ஆனா வர்றவங்க பஸ் செலவும் நம்மளோடதுங்கிற மாதிரி. குளிர்காலத்தில் டொரன்டோ மைதானம் பனியில் கிடக்கும் என்பதால் சீசன் தொடக்க மேட்ச்கள் எல்லாம் இங்கிலாந்தில்தான்.

2020-ல ஆடின ஆறு லீக் மேட்சிலும் தோல்வி. கொரோனா வந்து போட்டிகள் நின்னதும், ஒற்றை ஓனரின் பணத்தில் ஓடின வண்டி நின்னுடுச்சு. ஜூன் மாசச் சம்பளம் வரலை. ஜூலை 20-ல சீசன்ல இருந்து விலகிட்டாங்க. நவம்பர்ல, புது முதலீட்டாளரோட திரும்பி வர்றோம்னு கேட்டப்போ மத்த கிளப்புகள் ஓட்டுப் போட்டு வேணாம்னுட்டாங்க. உயரத்துக்கு ஏறி வந்த அந்த சூப்பர் லீக்கில், டொரன்டோ ரசிகர்கள் தங்கள் ஊர்ல ஒரே ஒரு மேட்ச்கூடப் பார்க்கல.

சென்னை சிட்டிக்கும் உல்ஃப்பேக்குக்கும் என்ன ஒற்றுமைன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. ரெண்டும் ஆட்டத்துல தோத்து அழியல. ஆட்டத்துல ஜெயிச்சா வருமானம் வர்ற மாதிரி லீக் கட்டப்படல. அதுதான் என்னோட கருத்து. 'ஓனருக்குப் பொறுப்பு இல்ல'ன்னு திட்டிட்டுப் போறது ஈஸி. ஓனர்களுக்கும் கணக்கு கேட்கணும்தான். ஆனா ஒரே ஆளோட பாக்கெட்டை நம்பி டீமை ஓடவிட்டு, டி.வி பணத்தையும் மேலே போற வாசலையும் மூடி வெச்சிருந்த லீக் நிர்வாகத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு இருக்கு.

கடைசி சீசன்

2020-21 ஐ-லீக், கொரோனா பபிளுக்குள் மேற்கு வங்கத்தில் நடந்தது. கோவை ரசிகர்கள் இல்லை, பழைய ஸ்பெயின்காரர்கள் இல்லை, அக்பர் நவாஸும் இல்லை. சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப் பாதியில் முடித்தது. அடுத்த சீசனுக்கு கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய முடியாமல் இடத்தை இழந்தது. அவங்க இடத்துக்கு மும்பையின் கெங்க்ரே வந்தது.

லைசென்ஸ்னா சும்மா ஒரு ஃபார்ம் இல்லை. யூத் டீம் இருக்கா, தகுதியான கோச் இருக்காரா, ஸ்டேடியம் இருக்கா, சட்டப்படி கம்பெனி ஒழுங்கா பதிவாகியிருக்கா, கணக்கு தணிக்கை ஆகியிருக்கா, யாருக்காவது பாக்கி இருக்கா... எல்லாத்தையும் பார்ப்பாங்க. நம்ம ஃபேக்டரிக்கு ஆடிட் வர்ற மாதிரிதான். வித்தியாசம், இங்க ஃபெயிலானா லைனே நின்னுடும்.

அதே 2021 செப்டம்பர்லதான் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போறோம்னு அறிவிப்பு வந்தது, ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி 2014 நவம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. நம்ம பெல்ட்டுக்கு மூடுறது ஒண்ணும் புதுசு இல்லை. ஆனா ஃபேக்டரி மூடினா யூனியன் வாசல்ல உட்காரும், கலெக்டர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார், செட்டில்மென்ட்னு ஒரு வார்த்தையாவது காதுல விழும். சாம்பியன் கிளப் காணாமப் போனப்போ எந்த வாசல்லயும் யாரும் உட்காரலை. சில ட்வீட்டுகள் வந்தன, அவ்வளவுதான்.

அப்போ தம்பிக்கு என்ன சொல்றது?

முதல்ல, அங்க ஆடினவங்க என்ன ஆனாங்கன்னு சொன்னேன். சூசைராஜ் ஏ.டி.கே டீமோட ஐ.எஸ்.எல் கோப்பை ஜெயிச்சார். நந்தகுமார் 2023 டியூரண்ட் கப்பில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா அடிச்ச கோலுக்கு, பல வருஷம் டெர்பியில ஜெயிக்காம ஏங்கிக்கிடந்த பாதி கொல்கத்தா தெருவுல இறங்கி ஆடிச்சு. ரொமாரியோ கோவாவுக்கும் அஜித்குமார் பெங்களூருவுக்கும் போனாங்க. கிளப் போச்சு, ஏணி வேலை செஞ்சிருக்கு. ஆனா இவங்க எல்லாம் மேல ஏறினவங்க. அதே டிரெஸ்ஸிங் ரூம்ல உட்கார்ந்திருந்த மத்தவங்களைப் பத்தி யாரும் கட்டுரை எழுதுறதில்லை.

அதனால ட்ரையலுக்குப் போங்கன்னுதான் சொன்னேன். போய் செலக்ட் ஆனா, கையெழுத்துக்கு முன்னாடி சிலது கேளுங்க. கான்ட்ராக்ட் எத்தனை மாசம்? பத்து மாச சீசன்னா மீதி ரெண்டு மாசம் சோத்துக்கு என்ன வழி? கால் உடைஞ்சா ஆபரேஷன் செலவு யாரோடது, அது பேப்பர்ல இருக்கா? சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவு முறையில் உங்க பேரு நிஜமாவே ஏறியிருக்கா? கையெழுத்துப் போட்ட ஒரிஜினல்ல ஒரு காப்பி உங்க கைக்கு வரணும். வாட்ஸ்அப்ல 'பார்த்துக்கலாம் தம்பி'ன்னு வர்றதெல்லாம் கான்ட்ராக்ட் ஆகாது.

சம்பளம் நின்னா என்ன? ஃபிஃபா விதிப்படி, குறைஞ்சது ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வெச்சா, கிளப்புக்கு எழுத்துல 15 நாள் கெடு கொடுத்துட்டு, அப்பவும் வரலைன்னா நியாயமான காரணத்தோட கான்ட்ராக்ட்டை முறிக்கலாம். இந்தியாவில் புகாரைக் கேட்க கால்பந்து சம்மேளனத்தில் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டி இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமா வெச்சிருக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் டிபார்ட்மென்ட் வேலையை மட்டமா நினைக்காதீங்க. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு எந்தப் போட்டியில ஆடின சர்டிஃபிகேட் செல்லும்னு முதல்லயே விசாரிச்சு வெச்சுக்கிட்டா, எந்த டோர்னமென்ட்டுக்கு உயிரைக் கொடுத்து ஆடணும், எதுக்கு வேணாம்னு தெரியும்.

பெரிய லீக் பத்திரமான இடம்னு நினைச்சா அதுவும் இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் சீசனையே காலவரையில்லாம தள்ளிவெச்சாங்க. ரெண்டு தடவை கோப்பை அடிச்ச சென்னையினும் கொஞ்ச நாள் செயல்பாடுகளை நிறுத்திவெச்சது. அதே வருஷம் ஜூன்ல, புதுசா வந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை ஜெயிச்சது சென்னை புல்ஸ்னு ஒரு டீம். மேட்ச் எல்லாமே மும்பையில்தான்.

தம்பி ட்ரையலுக்குப் போயிட்டு வந்தான். செலக்ட் ஆயிட்டானாம். இப்போ வாரத்துக்கு மூணு நாள் ஷிஃப்ட் மாத்திக்கொடுக்க யாராவது சம்மதிப்பாங்களான்னு லைன்ல ஆள் தேடிக்கிட்டிருக்கான். கான்ட்ராக்ட் பேப்பரை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். பத்து மாசம்னு இருக்கு. இன்சூரன்ஸ் பத்தி ஒரு வரியும் காணோம். "கேட்டுட்டு கையெழுத்துப் போடு"ன்னு ரிப்ளை பண்ணியிருக்கேன். இன்னும் ப்ளூ டிக் வரலை, நைட் ஷிஃப்ட்ல இருப்பான்.